மூன்று பலகையும் முள்ளம்பன்றியின் கேள்வியும்

ஒரு காட்டில், கிழட்டுச் சிங்கம் போதுமடா சாமி என்று ராஜா வேலையை விட்டுவிட்டு மலைப்பக்கம் ஒதுங்கிய பிறகு, மிருகங்கள் எல்லாம் கூடி ஒரு சட்டசபை வைத்துக்கொண்டன. சபை என்றால் உறுப்பினர்கள் வேண்டும். உறுப்பினர்கள் இருந்தால் அமைச்சர்கள் வேண்டும். அமைச்சர்கள் இருந்தால் அவர்களுக்கு மாலை வேண்டும். மாலைக்குப் பூப்பறித்தே அந்தக் காட்டில் பாதி மரம் மொட்டையாகிப் போயிருந்தது.

அந்தச் சபையின் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தெய்வானை என்று ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருப்பாள். ஓடைக்கரைத் தொகுதியின் உறுப்பினர். சபைக்கு வந்து மூன்று வருஷமாகியும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேச விஷயம் இல்லாமல் இல்லை. எழுந்து நின்றாலே பயத்தில் முதுகு முள் அத்தனையும் குத்திட்டு நின்றுவிடும். இந்தப் பக்கம் உடும்பும் அந்தப் பக்கம் மரநாயும் "ஐயோ அம்மா!" என்று பெஞ்சை விட்டுத் துள்ளிக் குதிப்பார்கள். சபாநாயகர் மயில் உடனே, "உறுப்பினர் ஆயுதத்தை மடக்கிக்கொண்டு உட்காரவும்" என்பார். அவளும் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு புரட்டாசி மாசம், பக்கத்து வளையில் இருக்கும் பவுனு முயல், கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெய்வானை வீட்டு வாசலுக்கு வந்தாள். குட்டியின் பின்னங்கால் வீங்கித் தொங்கியது.

"பாருங்கக்கா. ஓட்டுக் கேக்க வந்தப்போ இந்தக் காலைத்தான் தடவிக் கொடுத்தீங்க. இப்ப பாருங்க."

"அடி என் கண்ணு! என்னாச்சு பவுனு?"

"பாலத்துல மூணு பலகையைக் காணோம். பள்ளிக்கூடம் போறப்போ ஓட்டை வழியா ஓடைக்குள்ள விழுந்துட்டா. இப்ப முழங்கால் தண்ணிதான், அதனால கால் பிசகினதோட போச்சு. ஐப்பசி மழை பிடிச்சா அந்த ஓடை எப்படி ஓடும்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க வரிசையில மட்டும் நாப்பது பிள்ளைங்க தினம் தாண்டுது."

தெய்வானை அந்த வீங்கின காலை மெல்லத் தடவிக் கொடுத்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. "நான் கேக்கறேன்" என்றாள்.

"நீங்களா? சபையிலயா?" பவுனு சிரித்துவிட்டாள். அழ வந்தவள்தான், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க எழுந்திரிச்சா சபையே காலியாயிடும்க்கா."

"பேச மாட்டேன். எழுதிக் கேப்பேன். எழுதிக் கேட்டா அமைச்சர் எழுதித்தான் பதில் சொல்லணுமாம். தோல் உரியற மாதிரி வெயில் அடிச்சாலும் அந்த விதி மாறாதாம்."

அன்று சாயங்காலமே அரசமரத்தடிச் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தொட்டு எழுதினாள். மறுநாள் கொண்டுபோய்க் கேள்விப் பிரிவில் கொடுத்தாள்.

கேள்விப் பிரிவில் இருந்தவர் கொக்கு அம்பலவாணன். எப்போதும் ஒற்றைக்காலில் நின்றபடி வேலை பார்ப்பவர். தானே உட்காராதவர் பிறரை எங்கே உட்காரச் சொல்லப் போகிறார்? தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'அமைச்சர் ஐயா, நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். எங்கள் ஓடைப் பாலத்தில் மூன்று பலகையைக் காணோம். ஒரு பச்சைப் பிள்ளை விழுந்துவிட்டது. ஒரு உயிர் போன பிறகு பலகை போட்டு என்ன பிரயோஜனம்? கடவுள் நம்மை மன்னிப்பாரா?' ஏம்மா, இது கேள்வியா, கல்யாணக் கடுதாசியா?"

"தப்புங்களா ஐயா?"

"'நன்றாக இருக்க வேண்டும்', இது வாழ்த்து. வாழ்த்துக் கூடாது. 'பச்சைப் பிள்ளை', அடைமொழி. அதுவும் கூடாது. முயல்குட்டி வெள்ளையாத்தானே இருக்கும்? 'உயிர் போன பிறகு', அனுமானம். இன்னும் போகலையே."

"ஐயோ, உங்க வாயால அப்படிச் சொல்லாதீங்க."

"நீங்க எழுதினதைத்தான்மா படிக்கிறேன். அப்புறம், 'கடவுள் மன்னிப்பாரா'. கடவுள் எந்தத் துறையில வர்றார்? எந்த அமைச்சர் பொறுப்பிலயும் இல்லாத விஷயத்தைக் கேக்கக் கூடாது. திருத்தி எழுதிட்டு வாங்க."

திருத்தினாள். அதில் அழுகை இருக்கிறது என்றார். இன்னொரு முள் போனது. அதில் ஆலோசனை இருக்கிறது, கேள்வி கேட்பவர் ஆலோசனை சொல்லக் கூடாது என்றார். இன்னொரு முள் போனது. நாலாவது முள்ளில் கேள்வி, சாறு பிழிந்த கரும்புச் சக்கை மாதிரி ஆகிவிட்டது:

(அ) ஓடைப் பாலத்தில் மூன்று பலகைகள் இல்லை என்பதைப் பாலத்துறை அமைச்சர் அறிவாரா?
(ஆ) ஆம் எனில், அவை எப்போது பொருத்தப்படும்?
(இ) இல்லை எனில், ஏன்?

"இது கேள்வி" என்று கொக்கு கண்ணை மூடி ரசித்தார். "பதினஞ்சாம் நாள் பதில் வரும்."

"பலகைங்க?"

"பதில்தான்மா வரும். பலகை வர்றதா விதியில எங்கயும் இல்லை."

அந்தப் பதினைந்து நாளும் தெய்வானை விடியும்போதே பாலத்துக்குப் போய்விடுவாள். ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து, இந்தப் பக்கமா தாவு கண்ணு" என்று ஒவ்வொரு குட்டியாகத் தாண்டவிடுவாள். தானே பலகையாகக் குறுக்கே படுத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். முதுகு இப்படி இருந்தால் எந்தப் பிள்ளை மிதித்துப் போகும்? மேற்கே ஒவ்வொரு நாளும் மேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

"நாலு முள்ளு போச்சு, ஒரு ஆணியாவது வந்துச்சாக்கா?" என்று பவுனு தினமும் குத்திக் காட்டுவாள். முள் இல்லாதவள்தான், ஆனால் நன்றாகவே குத்துவாள்.

பதினாலாம் நாள் காலையில் பாலத்துக்குப் போனால், ஆச்சரியம்! பாலத்துறை அமைச்சர் ஐராவதம், சாட்சாத் அந்த யானையே, ஓடைக்குள் இறங்கி நின்று தும்பிக்கையால் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கரையில் துறையின் எழுத்தர் ஆமை பொன்னுரங்கம், முதுகில் கோப்புக்கட்டோடு, "இன்னும் ஒரு விரக்கடை இடது பக்கம் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இப்பத் திருப்திதானா?" ஆமை தெய்வானையைப் பார்த்ததும் பொரிந்து தள்ளிவிட்டார். "உங்களால ஒன்பது நாளா எனக்கு ஒரு வாய் தழை இறங்கலை. தெரியும்னு பதில் எழுதினா, தெரிஞ்சும் ஏன் போடலைன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு எழுதினா, பாலத்துறை அமைச்சருக்குப் பாலம் தெரியாதான்னு சிரிப்பாங்க."

"எப்பவும் போல 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது'ன்னு எழுதியிருக்கலாமே ஐயா? நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்."

"அதை இந்தக் கூட்டத்தொடர்ல பதினொரு தடவை எழுதியாச்சு. சேகரிச்ச வரைக்கும் கொண்டுவந்து காட்டுங்கன்னு சபாநாயகர் சொல்லிட்டார். நாங்க எங்கே போக? சரி, தெரியும்னே எழுதலாம்னா ஏழு இணைப்பு வைக்கணும். பலகை எப்பப் போச்சு, யார் எடுத்தா, எதுக்கு எடுத்தா..." அதற்குமேல் சொல்லாமல் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. "யார் எடுத்தாங்கன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்? நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

தெய்வானை பலகையைப் பார்த்தாள். ஓரத்தில் காகிதப் பூ ஒட்டியிருந்தது. மூன்றாவது பலகையில் பச்சை எழுத்தில் 'அமைச்சரே வருக' என்று இருந்தது. போன மாசம், பாலம் கட்டி மூன்று வருஷம் ஆனதைக் கொண்டாட அமைச்சருக்கு மேடை போட்டார்களே, அந்த மேடைப் பலகை. பாலத்து விழாவுக்குப் பாலத்திலிருந்தே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"மூணு பலகை போட அரை நாள். பதில் எழுத அரை மாசம்" என்றார் ஆமை ஓட்டுக்குள்ளிருந்து. "அதான் அமைச்சர் ஐயா, பலகையையே போட்டுட்டு சுருக்கமா பதில் எழுதிடுன்னுட்டார்."

ஐராவதம் ஆணிமேல் காலை வைத்து ஒரே மிதி. ஆணி இறங்கிவிட்டது. "எனக்கு எதுக்கும்மா இந்தப் பாலமெல்லாம்? இந்த ஓடை எனக்கு முட்டிக்கு மேல வந்ததில்லை. அதுசரி, நல்லாப் பாத்துக்குங்க. இதுல பலகை இல்லையா?"

"இருக்குங்க ஐயா. நீங்க நல்லா இருக்கணும்." கொக்கு அடித்துவிட்ட அந்த வாழ்த்தை நேரிலேயே சொல்லிவிட்டாள்.

மறுநாள் சபையில் பதில் வந்தது. எழுத்து மூலப் பதிலை மேஜையில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஐராவதம் அதை எழுந்து நின்று படித்தார்.

"(அ) ஓடைப் பாலத்தில் எல்லாப் பலகைகளும் உள்ளன. (ஆ) இவ்வினா எழவில்லை. (இ) இவ்வினா எழவில்லை." படித்து முடித்துத் தாளை மடித்தார். "தலைவர் அவர்களே! இருக்கும் பலகையை இல்லை என்று சொல்லி, இந்த மாமன்றத்தை ஓர் உறுப்பினர் ஏமாற்றியிருக்கிறார். பொய்க் கேள்வி! உறுப்பினர் மன்னிப்புக் கேட்க வேண்டும்!"

ஆளும் கட்சிக் குரங்குகள் மேஜையைத் தட்டின. பார்வையாளர் மாடத்தில் இருந்த பவுனு பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள். "யாரு பொய்க்காரி? அந்த மூணாவது பலகையில 'அமைச்சரே வருக'ன்னு எழுதியிருக்குதே, அது பாலத்துல எப்படி வந்துச்சாம்? கேளுங்கக்கா! விடாதீங்க!"

 யானையின் காது ஆடுவது நின்றுபோனது.

சபாநாயகர் மயில் தோகையை ஒருமுறை விரித்து மடக்கினார். "உறுப்பினர் தெய்வானை, உங்கள் கேள்வி உண்மைதான் என்கிறீர்களா? அப்படியானால் ஆதாரம் வேண்டும். மூன்று பலகையையும் கழற்றிக்கொண்டு வந்து சபையின் மேஜையில் வைக்க உத்தரவிடுகிறேன். குழு போட்டு விசாரித்து, அடுத்த கூட்டத்தொடரில் அறிக்கை வரும். அதுவரை பலகைகள் சபையின் பாதுகாப்பில் இருக்கும்."

வெளியே வானம் உறுமியது. முதல் தூறல் கூரையில் விழும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு நாழிகைதான் இருந்தது. நாற்பது குட்டிகளும் அக்கரையில்.

தெய்வானை எழுந்தாள். வழக்கம்போல உடும்பும் மரநாயும் துள்ளிக் குதிக்கத் தயாரானார்கள். ஆனால் அன்றைக்கு முதுகில் ஒரு முள்கூட எழும்பவில்லை.

"தலைவர் ஐயா, எனக்கு வயசாயிடுச்சு. கண்ணு சரியாத் தெரியறதில்லை. பாலத்துல பலகை எல்லாம் இருக்குது. நான் கேட்டது பொய்தான். மன்னிச்சுக்குங்க. பலகையைக் கழற்றாதீங்க."

குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. 'ஓடைக்கரை உறுப்பினர் பொய்க் கேள்வி கேட்டு மன்னிப்புக் கோரினார்' என்று சபைக் குறிப்பில் ஏறிவிட்டது.

கொட்டுகிற மழையில் பவுனுவும் தெய்வானையும் பாலத்தடிக்கு ஓடினார்கள். செம்மண் தண்ணீர் பாலத்தைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. நாற்பது குட்டிகளும் தடதடவென்று 'அமைச்சரே வருக' மேல் கால்வைத்து வந்து சேர்ந்தன. கடைசியாக நொண்டிக்கொண்டே பவுனுவின் கடைக்குட்டி.

குட்டியை வாரி எடுத்துக்கொண்ட பவுனுவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உங்களைப் போய்ப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்களேக்கா!"

"எழுதிட்டுப் போகட்டும் பவுனு. நாப்பதையும் எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"அப்ப இந்த முள்ளைக் கொஞ்சம் பிடுங்கிக் கொடு. நடு முதுகு எனக்கு எட்டலை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுதாமே?"

அந்தக் கேள்வி பதினைந்து நாளில் பொய்யாகிவிட்டது. கல்வி அமைச்சர் மந்தி தானே கூரையில் ஏறி ஓலை வேய்ந்ததாகக் கேள்வி. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்ற கேள்வி பன்னிரண்டு நாளில் பொய்யானது. தெய்வானை ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டாள். எழுந்து நிற்க இப்போதெல்லாம் பயமே இல்லை. குத்திட்டு நிற்க முதுகில் முள்ளும் அவ்வளவாக இல்லை.

வருஷக் கடைசியில் சபையில் விருது கொடுத்தார்கள். உண்மையான கேள்விகள் மட்டுமே கேட்ட சிறந்த உறுப்பினர் விருது உடும்புக்குக் கிடைத்தது. அவர் எழுதுவதில்லை. மேஜையைக் குத்தி முழங்குவார். அமைச்சரும் திருப்பி முழங்குவார். இரண்டு பேரும் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஒன்றாகக் காபி குடிக்கப் போவார்கள். அவர் தொகுதியில் ஐந்து வருஷமாகக் கிணறு இடிந்தே கிடந்தது. அதனால் அவர் கேட்ட கேள்வி ஒன்றுகூட இன்றுவரை பொய்யானதில்லை.

தெய்வானைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பத்தொரு கேள்வி, முப்பத்தொன்றும் பொய் என்று குறிப்பேட்டில் இருந்தது. அவள் முன்னைப்போலக் கடைசி வரிசையில், வழவழவென்று ஆகிவிட்ட முதுகோடு உட்கார்ந்து, பலமாகக் கைதட்டினாள்.

நீதி: அரசாங்கத்தைக் கேள்வி கேட்கப் போகிறவர்கள், பதில் வரும் நாளில் நாம் பொய்யராகிவிட வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு போகவும். கடைசிவரை உண்மை பேசுகிறவர் தொகுதியில் குடியிருக்க வேண்டாம்.