முன்சக்கரத்தில் ஒரு மீன்கொத்தி

மரியாதைக்குரிய மச்சான் தானியேல் அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து எட்வர்ட் தலைதாழ்த்தி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை ஹெலன், மருமகள் மோனிகா, நான், நீங்கள் மோனிகாவுக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிள் ஆகிய நால்வரும் சுகம். அங்கே திருநின்றவூரில் நீங்களும் அக்காவும் உங்கள் தலையில் மிச்சமிருக்கும் முடியும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. போனில் சொல்லலாம்தான். நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், ஹெலன் பக்கத்தில் நின்று திருத்துவாள். அதனால்தான் ஆறாம் கிளாஸோடு விட்ட பேனாவை எடுத்திருக்கிறேன், பிழை இருந்தால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. எட்டு நாளாக ஒரு மீன்கொத்தி என் கூடவே பறந்து வருகிறது என்று மில் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன், அது மீன்கொத்தி இல்லை மச்சான், உங்கள் வண்டியின் முன் பிரேக். மோனிகா வேலையில் சேரும்வரை வண்டி ஓட்டத்தில் இருக்கட்டும் என்று நான்தான் எடுத்துப் போகிறேன். காலை ஷிப்டுக்கு ஏரிக்கரை ரோட்டில் போனால் மழை பெய்து ஓய்ந்த மூட்டத்தில் தண்ணீர் எது வானம் எது என்று தெரியாது, நடுவில் நான் மட்டும் மிதந்து போவது போலிருக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் கீ...ச் என்று நீளமாக ஒரு குரல், வேகத்தடையில் ஒரு குரல், மில் கேட்டில் ஒரு குரல். கம்பி உருட்டும் மில்லில் இருபத்தாறு வருஷம் நின்று மந்தமான காது இது. நான் நிற்கிற இடத்தில் எல்லாம் அதுவும் நின்று கூப்பிடுகிறதே, நம்மையும் ஒரு ஜீவன் தேடுகிறதே என்று மனசு குளிர்ந்து போய், ஸ்டாண்டில் வண்டி சீட்டின் மேல் கொஞ்சம் பொரி வைத்தேன். மீன்கொத்தி பொரி தின்னாது என்று கூட வேலை பார்க்கும் சுப்பராயன் சொன்னான். மறுநாள் நெத்திலிக் கருவாடு வைத்தேன். பூனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹெலனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் கேட் முன்னால் நிறுத்தினேன், பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஹெலன் இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தாள். "இன்னாங்க, உங்க பட்சி சக்கரத்துலயா கூடு கட்டிக்கினு கீது?" என்றாள். அதோடு விட்டால் பரவாயில்லை. பிரசங்கம் முடியும்வரை யோசித்துவிட்டு வெளியே வந்து தீர்ப்புச் சொன்னாள். "பிரேக்கு கத்துற வண்டில எம்பொண்ண அனுப்ப மாட்டேன். அட்த்த வாரம் திங்கக்கெழம வேலைல சேரணும். அதுக்குள்ள சரியாவலன்னா கம்பெனி கீற தேர்வாய் கண்டிகைலயே லேடீஸ் ஹாஸ்டல்ல சேத்துடுங்க." ஹாஸ்டல் விண்ணப்பப் பாரமும் வாங்கி வந்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள். உங்களுக்குத் தெரியாததா, வீட்டில் நாங்கள் மூன்று பேர். அதில் பேசுகிறவள் மோனிகா, திட்டுகிறவள் ஹெலன். ஒருத்தி போய்விட்டால் எனக்கு வெறும் திட்டு மட்டும்தான்.

அதனால் வைத்தியத்தில் இறங்கினேன். தூசிதான், கழுவு என்றான் சுப்பராயன். ஏரிக்கரையில் கழனி வைத்திருக்கும் பூவராகவன் பம்பு செட்டில் நிறுத்திக் கழுவினேன், ஈரம் இருக்கும்வரை வண்டி ஊமை, காய்ந்ததும் முன்னைவிடத் தெளிவாகப் பாடியது. உங்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. பதினோரு வருஷம் வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, மிச்ச நேரமெல்லாம் ஸ்டாண்டில் தூங்க வைத்த வண்டி, பிரேக் கட்டை தேய்ந்திருக்கும் என்று ரோட்டோரம் வேப்பமரத்தடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தேன். கட்டையில் பாதிக்கு மேல் கனம் இருந்தது. பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே. கம்பிகளுக்கு நடுவில் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது, சக்கரத்தை விரலால் தள்ளினால் மேகம் எல்லாம் சேர்ந்து சுற்றியது. வீட்டிலிருந்தே போனால் சாயங்காலம் மோனிகா வேலை முடிந்து வருவாள், வளைவில் கீச் என்றால் ஹெலன் டீத்தண்ணீர் வைப்பாள், கேட்டில் கீச் என்றால் நான் டிவியை அணைப்பேன், ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் எந்த வளைவிலும் எதுவும் கேட்காதே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் பதினைந்து கால்கள். பதினாறாவது கால் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது, களையெடுக்க வந்த கங்கம்மா ஒற்றைக் காலில் நின்று முள் எடுத்துக்கொண்டே சொன்னாள், "எவனோ அட்ச்சிப் போட்டுட்டுப் பூட்டான்னு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாச்சி நைனா, நீ இன்னா சிரிக்கிற?" ஆம்புலன்ஸ்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் மெக்கானிக் ராஜமாணிக்கத்திடம் போனேன். டாக்டரைப் போல நிதானமான ஆள். முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு மெல்ல வரச் சொன்னார், கத்தியது. பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னார், சத்தமில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார், தடையில்லாமல் சுற்றியது. பிறகு இரண்டு கட்டையையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார், மூஞ்சி பார்க்கலாம் போல அவ்வளவு பளபளப்பு. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தார்.

"இன்னா சார், சந்தன வாசன அடிக்குது?"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மில்லில் ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் இருக்கிற எல்லா வண்டிக்கும் பொட்டு வைப்பார்கள், சந்தனக் கிண்ணம் அன்று என் கையில்தான் இருந்தது. மற்றவர்கள் ஹெட்லைட்டிலும் டேங்கிலும் வைத்தார்கள். எனக்கு முன்சக்கரத்தில் பிரேக் கட்டை கவ்வுகிற டிஸ்க் கண்ணில் பட்டது, வட்டமாக, வெள்ளையாக, பௌர்ணமி மாதிரி. பொண்ணு போகிற வண்டி, பிரேக்கில் வைத்தால்தானே காப்பு என்று மூன்று கோடு அழுத்தமாக இழுத்தேன்.

"சந்தனம் மட்டும்னா தேய்ச்சிப் பாக்கலாம். எண்ணெயும் குட்ச்சிருக்கு. கட்டைய மாத்தித்தான் ஆவணும். ஆமா, எண்ணெய யார் வுட்டது?" என்றார். நான் ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து சந்தனத்தை மட்டும் ஒப்புக்கொண்டேன். ஒரு மணி நேரம் திட்டு விழும் என்று சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஹெலன் அந்தத் தண்ணீரை எடுத்துத் தானே குடித்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் நான் பயந்தது அன்றைக்குத்தான். அப்புறம் மெல்லச் சொன்னாள், "கோயில்ல ஜெபம் பண்ணிக் குட்த்த எண்ணெய நானுந்தான் அதுல தொட்டு வெச்சேன். நீங்க போட்ட மூணு கோட்டு மேலயே வெச்சேன். பொண்ணு போற வண்டி, ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதானன்னு." மோனிகா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "சாமிங்களுக்குள்ள ஒண்ணும் தகராறு இல்லப்பா. பிரேக்குக்குத்தான் ஒத்துக்கல" என்றாள்.

இப்போது புதுக்கட்டை போட்டு டிஸ்க்கைத் துடைத்து, வண்டி சத்தமே இல்லாமல் நிற்கிறது. நிஜத்தைச் சொன்னால் ஏரிக்கரையில் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் தங்கை இன்னும் மனசு மாறவில்லை. "நாளைக்கி அவ ஓட்டட்டும், நீங்க பின்னால உக்காந்து போயிட்டு வாங்க, அப்பறம் பாக்கலாம்" என்கிறாள். ஒன்றும் ஆகாது, மோனிகா என்னைவிட நன்றாக ஓட்டுவாள். இருந்தாலும் நீங்கள் பெரியவர், அண்ணன் என்றால் ஹெலனுக்குத் தனி பயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு போன் போட்டு, பொண்ணு வீட்டிலிருந்தே போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் தலையில் புதுமுடி முளைக்க தினமும் முழங்காலில் நின்று ஜெபிப்பேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் பேச்சை எதிர்பார்த்துக் காத்திருக்கும்,

எட்வர்ட்

பி.கு.: இந்தப் பி.கு.வை மட்டும் நான் சொல்லச் சொல்ல மோனிகா எழுதுகிறாள், கையெழுத்து அழகாக இருப்பது அதனால்தான். மேலே கேட்ட உதவி வேண்டாம், ஹெலனிடம் எதுவும் பேச வேண்டாம். என் வலது மணிக்கட்டில் சுளுக்கு, மூன்று வாரம் வண்டி ஓட்டக்கூடாதாம். தினமும் என்னை மில்லில் இறக்கிவிட்டு மோனிகா வேலைக்குப் போக வேண்டும் என்று ஹெலனே சொல்லி, ஹாஸ்டல் பாரத்தைச் சமையல்கட்டு அலமாரியில் விரித்து மிளகாய்த்தூள் டப்பாவை மேலே வைத்துவிட்டாள். நடந்தது இவ்வளவுதான்: இன்று காலை ஏரிக்கரை வளைவில் மோனிகா ஓட்டினாள், நான் பின்னால் எதையும் பிடிக்காமல் மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எருமை குறுக்கே வந்தது. மோனிகா பிரேக் பிடித்தாள். வண்டி நின்றது. நான் பூவராகவன் கழனியில், நட்டு இரண்டு நாள் ஆன நாற்றில் இறங்கினேன். பிரேக்கில் சத்தம் எதுவும் இல்லை.