ஆள் நடமாட்டமில்லாத பூங்கா

"எந்தப் பூங்கா?" என்று கேட்டார் டாக்டர், இரத்த அழுத்தம் பார்த்த பட்டையைக் கையிலிருந்து அவிழ்த்துக்கொண்டே.

தையல்காரர் சுருட்டிவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். அழுத்தம் இறங்கியது உண்மை. பூங்காதான் பொய். "காலையில பூங்காவுக்குப் போய் மரம் செடியைப் பாருங்க, புல்லுல நடங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, விடிந்ததும் கிளம்பி நேரே தன் கடைக்குத்தான் போனார். கதவை உள்ளே தாழிட்டுத் துணி மூட்டைமேல் சாய்ந்தால், "சட்டை ஆச்சா?" என்று யாரும் எழுப்பாத அருமையான தூக்கம்.

"கொஞ்சம் ஒதுக்குப்புறமா இருக்கு டாக்டர். ஆள் நடமாட்டமே இருக்காது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் மனைவி பெருமையோடு உட்கார்ந்திருந்ததில் வாய் நீண்டுவிட்டது. "உள்ள கால் வச்சாலே மனசு அடங்கிடும்."

"இதைத்தான் எல்லார்கிட்டயும் தலைபாடா அடிச்சிக்கிறேன், யாரு கேக்குறா?" என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை என் நோயாளிகளை அனுப்புறேன். நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்குமே."

"போன ஞாயிறு போயிட்டு வந்தீங்களே?" என்றாள் மனைவி.

"முழங்கால் வேற வலிக்குது..."

"அப்ப கட்டாயம் நடக்கணும்," என்றார் டாக்டர்.

"நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்."

"எனக்கு எங்கங்க நேரம்?"

ஞாயிறு காலை கடை வாசலில் ஒரு கூட்டமே நின்றது. தொந்தியோடு பேக்கரிக்காரர், கைத்தடியோடு ஓய்வுபெற்ற ஆசிரியர், போனும் காதுமாக வங்கி ஊழியர், புதுச் செருப்பில் மனைவி.

வழி கேட்டால் குட்டு உடைந்துவிடும். தையல்காரர் கால் போன போக்கில் நடந்தார். முன்னால் அவர், பின்னால் ஊர்வலம்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மூச்சிரைத்தார் பேக்கரிக்காரர்.

"வந்தாச்சு, வந்தாச்சு."

நான்கைந்து தெரு தாண்டியதும் நீளமான மதில் ஒன்று தெரிந்தது. அதற்கு மேலே அடர்ந்த மரங்கள். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதோ, இதுதான்."

உள்ளே பாய் விரித்தாற்போல் புல்வெளி. சுற்றிலும் ஆளுயரப் புதர்வேலி. குருவிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வங்கி ஊழியர் தானாகவே போனை அணைத்தார். பேக்கரிக்காரர் அடிவயிறுவரை மூச்சை இழுத்து, "இப்படிக் காத்து வாங்கி எவ்வளவு காலமாச்சு," என்றார்.

"என்னங்க, இவ்வளவு நாளா என்னை விட்டுட்டு நீங்க மட்டும் வந்திருக்கீங்களே," என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. தையல்காரருக்கு நெஞ்சில் ஊசி குத்தியது. நாளையிலிருந்து அவளோடு நிஜமாகவே இங்கே வந்துவிடுவதென்று முடிவெடுத்தார்.

"அடுத்து என்ன பயிற்சி?" என்று கேட்டார் ஆசிரியர்.

தையல்காரருக்குத் தெரிந்தது ஒரே பயிற்சிதான். "வரிசையா மல்லாந்து படுங்க. கையை நெஞ்சுமேல வச்சுக் கண்ணை மூடுங்க. யாரும் அசையக் கூடாது."

எல்லோரும் படுத்தார்கள். அவரும் படுத்தார். முகங்களில் அப்படியொரு அமைதி.

புதர்வேலிக்குப் பின்னாலிருந்து மண்வெட்டியும் கையுமாக வந்த ஒருவர் திகைத்து நின்றார். "யாரு நீங்கல்லாம்?"

மனைவி கண்ணைத் திறக்காமலே பெருமையோடு சொன்னாள்: "எங்களை டாக்டர் அனுப்பினார்."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இந்த இடுகாட்டுல குழி வெட்டியே எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. டாக்டர் அனுப்பினவங்க சொந்தக் கால்ல நடந்து வந்து, தாங்களே படுத்துக்கிறதை இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்."