பதினான்காவது பக்கம்

பதின்மூன்றுதான் இருந்தது. மூன்றாவது தரம் எண்ணியபோதும் பதின்மூன்றுதான்.

அலுவலகத்தில் அந்த வக்கீலுக்கு ‘மூணுதரம்’ என்று பெயர். எந்தக் காகிதத்தையும் மூன்று தரம் எண்ணாமல் கையைவிட்டு அனுப்ப மாட்டார். எண்ணும்போது உதடு மட்டும் அசையும்; சத்தம் வராது. நெடுஞ்சாலை, அடுக்குமாடி, மின்நிலையம் என்று எதற்குக் கடன் கேட்டாலும் அந்த உதடு அசைந்து நின்ற பிறகுதான் வங்கி பணத்தை விடும். இருபத்தாறு வருடத்தில் ஒரு பக்கம் தவறியதில்லை.

இன்றைக்குக் காற்றாலைக் கடன்; கடன் வாங்கும் நிறுவனத்தின் வக்கீல் இவர். இதுபோன்ற பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சிக்க மாட்டார்கள். அதனால் கையெழுத்துக்கான கடைசிப் பக்கங்களை மட்டும் தனியாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். குறித்த நேரத்தில் இரு தரப்பு வக்கீல்களும் எதிரெதிரே உட்கார்ந்து பக்கங்களைக் கோத்துவிட்டால் முடிந்தது. நேற்று மாலை காற்றாலை நிறுவனத் தலைவர் பதினான்கு பக்கங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். அவர் இறங்க இன்று இரவாகிவிடும். காற்றாலைக்கு இடம் தரும் நிலத்துக்காரர் கொடுத்த சம்மதமோ இன்று பகல் பன்னிரண்டோடு காலாவதி.

மணி ஒன்பது. வீட்டுக்குப் போன் போட்டார்.

“சாப்பாட்டு மேசைக்கு அடியில பாரேன்.”

“என்னத்தை?” என்றாள் மனைவி.

“ஒரு வெள்ளைத் தாள். அடியில ஒரு கோடு, அதுமேல கையெழுத்து.”

“நேத்து நீங்க தாளே கொண்டு வரலை. பையில சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான் இருந்துச்சு. அதையும் எண்ணிட்டுத்தான் படுத்தீங்க.”

“விளையாடாத. தலை போற விஷயம்.”

“அப்ப ஆபீஸ்ல யாரையாவது வாயைத் திறந்து கேளுங்க. கேட்டா கிரீடம் ஒண்ணும் விழுந்துடாது.”

விழும். அடுத்த அறையில் வங்கியின் வக்கீலம்மாள் இருந்தார். மூணுதரம் ஒரு பக்கத்தைத் தொலைத்துவிட்டார் என்று அந்தக் காதில் விழுந்தால் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

ஆவண அறையில் பதிவேட்டுக்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நேத்து கூட்டம் நடந்த அறையைப் பெருக்கினாங்களா?” என்று கேட்டார் வக்கீல்.

“இல்லை சார்.”

“குப்பைக்கூடை?”

“அப்படியேதான் இருக்கு. தனியாவா வந்தீங்க?”

“பின்ன, பரிவாரத்தோடவா வருவாங்க?”

கூட்ட அறைக்குப் போய் மேசைக்கு அடியில் தவழ்ந்தார். பின்னால் செருப்புச் சத்தம். வக்கீலம்மாள்.

“என்ன சார் தேடறீங்க?”

“பேனா மூடி.”

“அட, நானும் தேடறேன்” என்று அந்த அம்மாளும் பட்டென்று மண்டியிட்டார். மறுக்க வழியில்லை. மூடிக்காக இவ்வளவு அக்கறையா? நாற்காலிகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். எங்கே அந்தப் பக்கம் அவர் கையில் சிக்கிவிடுமோ என்று இவர் அவரை முந்திக்கொண்டு தவழ்ந்தார். சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்துத் தரையில் போட்டு, “கிடைச்சிடுச்சு” என்றார்.

வேறு வழியில்லை, நேரத்தை இழுக்க வேண்டும்.

“அம்மா, பன்னிரண்டாம் பிரிவுல ஒரு சின்னச் சந்தேகம். காத்தே வீசாத நாளுக்கு யார் பொறுப்பு?”

பத்து நிமிடம் கிடைத்தால் போதும் என்று நினைத்தார். வக்கீலம்மாள் முகம் மலர்ந்தது.

“நல்லாக் கேட்டீங்க சார். முதல்ல காத்துன்னா என்னன்னு எங்கேயுமே எழுதலையே. அதை எழுதாம எப்படி?”

என்னை வைத்து விளையாடுகிறாள் என்று பட்டது. காற்றுக்கு அர்த்தம் எழுத முக்கால் மணி நேரம் போனது. அர்த்தம் மாறியதால் நிலத்துக்காரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று வக்கீலம்மாள் அவரை மேலே வரவழைத்துவிட்டார். இப்போது அறையில் கடிகாரத்தோடு ஓர் ஆளும் சேர்ந்தது.

“மேல அடிச்சா காத்து. இதை எழுத ரெண்டு வக்கீலா?” என்றார் நிலத்துக்காரர். “பன்னிரண்டு அடிச்சா நான் எந்திரிச்சிடுவேன். இதே நிலத்தைக் கேக்கற கோழிப்பண்ணைக்காரர் கீழ வண்டியில உக்காந்திருக்காரு. அவர் எந்த அர்த்தமும் கேக்கலை.”

பதினொன்று நாற்பது. இரண்டு வருட வேலை. முந்நூறு பேருக்குச் சம்பளம் தரப்போகிற காற்றாலை. மூணுதரத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து ஆவண அறைக்கு ஓடினார்.

“அம்மா, ஒரு கையெழுத்துப் பக்கம் பார்த்தீங்களா?”

பதிவேட்டுக்காரம்மா சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதியைக் காட்டினார். ஏழு வருடத்துக்கு முன்பு, அவர் ஒரு தாளைத் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டார் என்று கத்திவிட்டு வக்கீலே எழுதியது. ‘கேட்பாரற்றுக் கிடக்கும் கையெழுத்துத் தாளைப் பூட்டி வைக்க வேண்டும். இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து வந்து கேட்டாலொழிய அதைக் கொடுக்கவோ, இருப்பதாகச் சொல்லவோ கூடாது.’

மூன்று தரம் படித்தார்.

“இருக்கா, இல்லையா? அதை மட்டுமாவது சொல்லுங்கம்மா.”

“நீங்க எழுதினதுதான் சார்.”

பதினொன்று ஐம்பது. கூட்ட அறைக்குத் திரும்பி, நிலத்துக்காரர் முன்னாலேயே வக்கீலம்மாளிடம் சொன்னார். குரல் இறங்கிப்போயிருந்தது.

“அம்மா, நான் ஒரு பக்கத்தைத் தொலைச்சிட்டேன். காலையிலேருந்து அதைத்தான் தேடறேன். காத்தும் இல்லை, மூடியும் இல்லை. நீங்க என்கூட வந்து கேட்டாத்தான் கிடைக்கும்.”

வக்கீலம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மிகுந்த பெருந்தன்மையோடு எழுந்தார்.

“இது யாருக்கும் நடக்கறதுதான் சார். நான் வெளியில மூச்சு விட மாட்டேன். வாங்க.”

மூணுதரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷியையா காலையிலிருந்து மனதுக்குள் திட்டினோம் என்று வெட்கப்பட்டார். இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இரும்பு அலமாரி திறந்தது. பதினான்காவது பக்கம் அவர் கைக்கு வந்தபோது பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது. உதடு அசைந்தது: ஒன்று, ஒன்று, ஒன்று.

பதிவேட்டுக்காரம்மா அலமாரியை மூடவில்லை. இன்னொரு தாளை எடுத்து வக்கீலம்மாளிடம் நீட்டினார்.

“இந்தாங்கம்மா, உங்களோடது. டீத் தட்டுக்கு அடியில ரெண்டும் ஒண்ணாத்தான் கிடந்துச்சு. எட்டு மணியிலேருந்து நாலு தடவை வந்து ‘அறையைப் பெருக்கினாங்களா’ன்னு கேட்டீங்களே, ஒரு தடவையாவது சாரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?”