மெய்ராமின் வெறும் வயிறு

"உண்மையைச் சொல்லுங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் ரத்தம் எடுக்கும் பெண்.

"ஒரு துண்டு ரொட்டி" என்றார் துர்சின்பெக். "துண்டுகூட இல்லம்மா, ஒரு விள்ளல்."

"நாளைக்கு வாங்க. வெறும் வயிறுன்னா வெறும் வயிறு."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கூப்பிட்டால் ஒரு விள்ளலாவது வாயில் வைக்காமல் நகர முடியாது. கசகஸ்தானின் ஷிம்கென்ட் நகரத்தில் அதைவிட அவமரியாதை கிடையாது. அவர் மாடிப்படி இறங்கும் நேரம் பார்த்து எதிர்வீட்டு குல்ஷாரா கதவைத் திறந்துவிட்டாள்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "சர்க்கரை சரியா இருக்கு. அதைச் சரியா வெச்சிருக்க உங்க உடம்பு எவ்வளவு இன்சுலின் கொட்டுதுன்னு பார்க்கணும். ரெண்டையும் பெருக்கி ஒரு கணக்குப் போடுவோம். இரண்டரைக்குள்ள வந்தா நல்லது."

தாண்டினால் என்ன என்பதை மனைவி ரௌஷான் சொன்னாள். "ரொட்டி கிடையாது. இனிப்பு டீ கிடையாது. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் மக கல்யாண விருந்துக்கு நான் மட்டும் போறேன்."

அந்த வீட்டு விருந்துகளில் ஆட்டுத்தலையை அறுத்துப் பங்கு வைக்கும் பெரிய மரியாதை இருபது வருஷமாக துர்சின்பெக்குக்குத்தான்.

மறுநாள் பின்பக்கப் படி வழியாக நழுவினார். கீழே காரின் மேல் துணி விரித்து டீ குடித்துக்கொண்டிருந்தார் சம்பந்தி. சம்பந்தியிடம் மறுக்க முடியுமா? பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டை ஒரு வாய், நாலு உருண்டை ஆயிற்று.

அன்று மதியமே ரயில்வே கிடங்கில் கூட வேலை பார்க்கும் மெய்ராமைப் பிடித்தார். மெய்ராம் குச்சி மாதிரி இருப்பான்.

"நாளைக்கு என் பேர்ல போய் ரத்தம் குடுத்துட்டு வாடா."

"மாட்டிக்குவோம் அண்ணே."

"நாளைக்கு வேற பொண்ணு. சீட்டைத்தான் பார்ப்பா, மூஞ்சியை இல்ல. வெறும் வயிறான்னு கேட்டா ஆமான்னு சொல்லு."

"சீட்டு?"

"வீட்டுல இருக்கு. எனக்கு விடிகாலை ஷிஃப்ட். ஆபீஸ்ல கேட்டாங்கன்னு அண்ணிகிட்ட வாங்கிக்கோ."

வெள்ளிக்கிழமை எண் வந்தது. ஒன்பது.

டாக்டரே வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். சனிக்கிழமை காலை மேஜையில் ரொட்டி இல்லை, வெள்ளரிக்காய் இருந்தது. கல்யாணத்துக்கு ரௌஷானின் உடை மட்டும் இஸ்திரி போட்டுத் தொங்கியது.

துர்சின்பெக் கிடங்குக்கு ஓடினார்.

"ஒன்பதுடா! குச்சி மாதிரி இருந்துக்கிட்டு உள்ள என்னடா வெச்சிருக்க?"

"நான் என்ன பண்றது அண்ணே? காலையில சீட்டு வாங்கப் போனா அண்ணி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. வாயில வைக்காம வர முடியுமா?"

"ஒரு விள்ளலுக்கா ஒன்பது?"

"அஞ்சு பவுர்சாக். மூணு கிண்ணம் டீ. தேன் வேற."

"பாவி! வெறும் வயித்தோட போகணும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே அண்ணே! உங்களுக்குப் பதிலா நான் ரத்தம் குடுக்கப் போறேன், ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். ‘அப்படியா தம்பி? அப்போ இன்னும் ரெண்டு வெச்சுக்கோ’ன்னாங்க."