ஐஸ் அண்ணனின் பைன் மரம்

ஓசூரில் ரோஜா வளர்ப்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மரத்துக்குத் தினம் ஐஸ் கட்டி அடுக்கி வளர்த்தவர் இந்தியாவிலேயே எங்கள் ஐஸ் அண்ணன் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டுபவர். ஜூஜுவாடியில் எனக்குப் பக்கத்து அறை. புது மிஷின் மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும்போது நாலு பைன் விதைகளை இவரிடம் கொடுத்து, குளிர் இருந்தால்தான் வளரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று தப்பித்துக்கொண்டன. நாலாவது முளைத்து அண்ணனிடம் மாட்டிக்கொண்டது. மொட்டை மாடியில் பெயிண்ட் வாளியில் அதை வைத்து, தினம் காலையில் மீன்கடை பாயிடம் ஐஸ் வாங்கி வந்து சுற்றிலும் போடுவார்.

"அண்ணா, மரத்துல மீன் வாடை அடிக்குது."

"அதுக்கு இது பனிக்காலம்னு தெரியணும்பா. வாடை கெடக்குது வுடு."

ஐந்து வருடத்தில் மரம் முழங்கால் உயரம் வந்தது. காய்க்கும்வரை பொறுக்காமல் இலையைத் தின்ன ஆரம்பித்தார். ஊசி ஊசியான இலைகளைக் கிள்ளி டீ போட்டார், ரசத்தில் போட்டார், எங்களையும் விடவில்லை. குடித்தவன் வாயைத் திறந்தால் பெயிண்ட் கடை வாசம் வந்தது.

"பொறுங்கப்பா, கொட்டை வரட்டும். முந்திரியெல்லாம் கிட்டயே வராது" என்பார்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் வறுத்த பைன் கொட்டை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மீன்கடைக்குப் போன நேரத்தில் வாளிக்குள் தூவிவிட்டேன். பார்த்ததும் சிரித்துவிட்டு என்னைத் துரத்துவார் என்று நினைத்தேன்.

"காச்சுடுச்சுப்பா!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"இத்தனூண்டு மரமாண்ணா காய்க்கும்? காயே காணோமே?" என்றேன்.

"காயை அணில் தூக்கினு போயிருக்கும். கொட்டையை நமக்கு வுட்டுட்டுப் போயிருக்குது பாரு, நல்ல அணில்!"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனியில் மிஷின் மிஷினாகப் போய் ஆளுக்கு ஒரு கொட்டை கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. வெட்கமில்லாமல் தின்றேன். மிச்சத்தைப் பத்து வாளிகளில் நட்டு, அத்தனைக்கும் ஐஸ் சுமக்க ஆரம்பித்தார். வறுத்த கொட்டைக்கு! மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டை வலி என்று ஒருநாள் அவர் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தாங்க முடியாமல் உளறிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "அப்போ நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டனா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கியதும் மறுபடியும் மிஷின் மிஷினாகப் போனார். "அன்னிக்குக் குடுத்தது என் மரத்துக் கொட்டை இல்லீங்க. தப்பா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். யார் போட்டது என்று துருவியவர்களுக்கும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் என் மிஷினுக்குப் பின்னால் கூனிக்குறுகி நின்றிருந்தேன்.

கடைசியாக என்னிடமும் வந்தார்.

"உனக்கும் ரெண்டு குடுத்தேனே தம்பி. மன்னிச்சுக்க" என்றார்.

அந்த மனிதருக்குப் பக்கத்து அறையில் இருக்கும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனாலும் அறையைக் காலி செய்ய இன்றுவரை மனம் வரவில்லை.