ராட்னி எழுதிய பீற்றல் தாள்

பெற்ற மகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட எழுதுவதில்லை என்று ராட்னி ஸ்வோபோடா முடிவு செய்தது ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலையில். இரண்டாவது கோப்பைக் காப்பிக்கும் மூன்றாவது கோப்பைக்கும் நடுவில். அவருடைய பெரிய முடிவுகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் பிறக்கும். அவற்றில் ஒன்றுகூட நான்காவது கோப்பையைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

காரணம், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்விட் உயர்நிலைப் பள்ளியின் மாதச் செய்தி மடல். வாலிபால் அணி ஜெயித்தது, யாரோ ஒற்றைக் காலணியை விட்டுப் போனது, வியாழக்கிழமை மதியச் சாப்பாடு சில்லியும் சின்னமன் ரோலும் என்பது, எல்லாவற்றுக்கும் கீழே கட்டம் கட்டி வழிகாட்டி ஆசிரியை கிம்பலின் வேண்டுகோள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவள் நான் ஒருத்தி. பிள்ளையை வளர்த்தவர்கள் நீங்கள். ஆகவே இத்துடன் உள்ள தாளில் உங்கள் பிள்ளையைப் பற்றிக் கூச்சப்படாமல் பீற்றிக்கொள்ளுங்கள், சம்பவங்களோடு எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள்.

கூச்சப்படாமல் என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் பீற்றிக்கொள்வது திருட்டைவிடக் கேவலம். ஊரிலேயே யாருக்கும் விளையாத அளவு சோளம் விளைந்தவனைக் கேட்டாலும், "மோசமில்ல" என்பான். கல்யாணத்தன்று வெள்ளை உடுப்பில் வந்து நின்ற டார்லாவைப் பார்த்து ராட்னி சொன்னதும் அந்த ஒரே வார்த்தைதான். இருபத்திரண்டு வருஷமாகியும் டார்லா அதை மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பீற்றல் தாள் கொடுத்தால், 'நல்ல பிள்ளை, நன்றாக உழைக்கும்' என்று இரண்டு வரி வரும். மிச்ச இடத்தில் காப்பிக் கறை வரும்.

ராட்னியின் மகள் டெஸ்ஸாவுக்குப் பதினேழு வயது. ஒரே பெண். தண்ணீரைச் சுத்தப்படுத்துவது பற்றிப் படிக்க வேண்டும், அதுவும் மாசசூசெட்ஸில் உள்ள ஒரு கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆயிரத்து ஐந்நூறு மைல். இங்கே நாற்பது மைலில், ராட்னியே படித்த கல்லூரி ஒன்று இருக்கிறது. காலையில் போனால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதை அவர் எடுத்துச் சொன்னபோது, "அதுதான்பா அதுல பிரச்சினையே" என்றாள் மகள்.

ராட்னி ஊர்க் கூட்டுறவு சங்கத்தின் தானியக் கிடங்கில் மேலாளர். அறுவடைக் காலத்துச் சனிக்கிழமைகளில் டெஸ்ஸாவும் அவரோடு லாரிகளை எடை போடுவாள். போகும்போதும் வரும்போதும் அவருடைய பழைய வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் வாதாடுவாள். அந்த இருக்கை காலியாகிவிடும் என்பதுதான் அவருடைய உண்மையான கவலை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்தார்.

"அந்தத் தாளை நான் எழுதறேன்" என்றார் டார்லாவிடம்.

"வேண்டாம். நீ எழுதினா காரியம் கெட்டுடும்."

"ஏன் கெடும்? நான் அவளைப் பெத்தவன்."

"உனக்கு யாரையும் பாராட்ட வராது ராட்னி. என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டையில என்ன எழுதின?"

"நல்லதாத்தானே எழுதினேன்?"

"'வயசுக்குப் பரவாயில்ல'ன்னு எழுதியிருந்த."

"அது பாராட்டு இல்லையா?"

"டிராக்டருக்கு எழுதியிருந்தா பாராட்டு" என்றாள் டார்லா. "திங்கட்கிழமைதான் கடைசி நாள். நாளைக்குச் சர்ச்சுக்குப் போயிட்டு வந்து நானே எழுதிக்கிறேன். நீ அதைத் தொடவே கூடாது. புரியுதா?"

புரிகிறது என்று ராட்னி தலையாட்டினார். டார்லா அந்தத் தாளை எடுத்துச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தாள். பேனாவையும் அதன்மேல் வைத்தாள். கூடுதலாக வெள்ளைத் தாள்களும் பக்கத்தில் இருந்தன. முந்தின நாள் மழையில் வயல் நனைந்து அன்று கிடங்கு மூடியிருந்ததால், மகளைக் கூட்டிக்கொண்டு லிங்கன் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வண்டி தெருமுனை திரும்பியதும் ராட்னி மூன்றாவது கோப்பையை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் ஒன்றும் கொடியவர் அல்ல. பொய் எழுதுவதாக இல்லை. பொய் எழுதினால்தானே தப்பு? மகளின் குறைகளை உள்ளது உள்ளபடி எழுதினால் அதற்குப் பெயர் நேர்மை. அதைப் படித்துவிட்டு மாசசூசெட்ஸ்காரர்கள் பயந்துபோனால், அதற்கு அவர் எப்படிப் பொறுப்பாக முடியும்? இந்த நியாயம் அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று.

'அடங்காதவள்' என்று தொடங்கினார். சம்பவங்களோடு எழுதச் சொல்லியிருக்கிறார்களே, சம்பவத்தையும் எழுதினார்.

'சென்ற ஆண்டு கூட்டுறவு சங்கக் கூட்டத்தில், நூற்று நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, கிடங்கின் ஈரமானி தப்பாகக் காட்டுகிறது என்றாள். சோளத்தில் எவ்வளவு ஈரம் என்று அந்தக் கருவி சொல்வதை வைத்துத்தான் விவசாயிக்கு விலை. அந்தக் கருவி என் பொறுப்பு. எட்டு வருஷமாக நான் நம்பிய கருவி. ஆறு வாரம் வீட்டு அடுப்பில் சோளத்தை உலர்த்தி, உலர்த்தி, எடை பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாள். வீடெல்லாம் கருகிய நாற்றம். கூட்டத்தில் அத்தனையையும் வாசித்தாள். சொந்த அப்பன் ஆயிற்றே என்றுகூடப் பார்க்கவில்லை.' இவ்வளவு எழுதிவிட்டு, நேர்மை என்று முடிவு செய்துவிட்டதால், 'கருவி தப்பாகத்தான் இருந்தது' என்றும் ஒரு வரி சேர்த்தார்.

அடுத்தது பிடிவாதம். பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லி நகர மன்றத்துக்குப் பதினொரு தடவை நடந்தாள். பதினொன்றாம் தடவை அவள் வருவதைப் பார்த்துவிட்டு மேயர் பின்கதவு வழியாக நழுவினார். பின்கதவில் அவள் நின்றிருந்தாள். குழாய்க்கு வடிகட்டி போட்ட பிறகுதான் ஊருக்கு நிம்மதி.

அதற்கடுத்தது சூடு சொரணை இல்லாமை. மூன்று வருஷம் வாலிபால் அணியில் மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சைத் தேய்த்தாள். ஒருநாள்கூடப் பயிற்சிக்குப் போகாமல் இருந்ததில்லை. புதிதாக வந்த சின்னப் பெண்களுக்குப் பந்து எடுத்துப் போட்டுப் பழக்கிவிட்டாள். அந்தப் பெண்களே அவளைத் தாண்டி அணிக்குள் போனார்கள். இவள் பெஞ்சுப் பக்கம் நின்று கை தட்டினாள். 'நானாக இருந்தால் முதல் வருஷமே விட்டிருப்பேன்' என்று எழுதினார் ராட்னி. அதுவும் உண்மைதான்.

பிறகு, பிறர் பொருளை மதிக்காமை. ஜனவரிக் குளிரில் மெல்லிய சட்டையோடு வகுப்புக்கு வந்த புதுப் பெண்ணுக்கு அவருடைய கனத்த கோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பையில் அவருடைய கையுறைகளும் இருந்தன. கேட்டதற்கு, "உனக்குத்தான் உடம்புலயே இருக்கேப்பா" என்று அவருடைய தொப்பையைக் காட்டினாள்.

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. மனுஷருக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தாள் நிறைந்தது. வெள்ளைத் தாள்களும் நிறைந்தன. நிமிர்ந்து பார்த்தபோது பதினாலு பக்கம். நடுவில் இரண்டு முறை மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது. அறுவடைத் தூசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உறையில் போட்டு ஒட்டி, பள்ளிக்கூட வாசல் பெட்டியில் தானே கொண்டுபோய்ப் போட்டார்.

மாலையில் டார்லாவிடம் ஒப்புக்கொண்டார். எழுதினதை மட்டும்தான் சொன்னார். எழுதினது என்ன என்பதைச் சொல்லவில்லை. வீடு ரெண்டுபடும் என்று எதிர்பார்த்தார். டார்லா ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, போட்டாச்சுன்னா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

குளிர்காலம் ராட்னிக்கு நன்றாகப் போகவில்லை. சமையலறை மேஜையில் டெஸ்ஸா விண்ணப்பக் கட்டுரையை அடித்து அடித்துத் திருத்தி எழுதுவாள். "அப்பா, இந்த வரி சரியா இருக்கா, கேளு" என்று வாசித்துக் காட்டுவாள். தண்ணீர், குழாய், ஊர் ஜனங்கள் என்று அவள் வாசிக்க வாசிக்க, அவருக்குச் சோறு இறங்காது. இந்தப் பெண்ணின் வழியில் கல்லைப் போட்டுவிட்டோமே என்று மனசு அரித்தது. டிசம்பரில் ஒருநாள் தைரியம் வந்து, அந்தத் தாளைத் திரும்பக் கேட்கப் பள்ளிக்கூடத்துக்கே போனார். கடிதம் எல்லாக் கல்லூரிக்கும் போய்விட்டதே என்றாள் கிம்பல். அவரையே ஒருமாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையில் இருப்பது அருவருப்புதான் என்று நினைத்து ராட்னி தலை குனிந்து வெளியே வந்தார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கணினியில் முடிவு வந்தது. டெஸ்ஸா திரையைப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டாங்கப்பா."

"மோசமில்ல" என்றார் ராட்னி. உடனே வண்டிக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். துக்கத்தில் பாதி, பெருமையில் மீதி என்று தொடங்கியது. கடைசியில் முழுக்கப் பெருமைதான் மிஞ்சியது. அப்பனே குழி பறித்தும் தாண்டிப் போய்விட்டாளே, எப்பேர்ப்பட்ட பெண் என்று நெஞ்சு விம்மியது.

அடுத்த மூன்று நாள் அவர் அந்த ஊர்க்காரராகவே இல்லை. எடை போட வந்த ஒவ்வொரு லாரிக்காரரிடமும் எடைச் சீட்டோடு மாசசூசெட்ஸையும் சேர்த்துக் கொடுத்தார். கேட்டவர்கள் கூச்சத்தில் தரையைப் பார்த்தார்கள். ராட்னிக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் டார்லாவுக்குப் போன் செய்து விசாரித்தார்கள்.

புதன்கிழமை தபாலில் கல்லூரியின் கனத்த உறை வந்தது. சாப்பாட்டு மேஜையில் டெஸ்ஸா அதைப் பிரித்தாள். அச்சடித்த கடிதத்தின் அடியில் சேர்க்கைக் குழுவில் ஒருவர் கையாலேயே நாலு வரி எழுதியிருந்தார். அவள் சத்தமாக வாசித்தாள்: ஈரமானி கதையை எங்கள் குழு முழுக்க உட்கார்ந்து கேட்டது, மேயரின் பின்கதவில் நின்ற பெண்ணுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது, வரும்போது கோட்டு கொண்டு வரவும், யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

டெஸ்ஸா புருவத்தைச் சுருக்கினாள். "இது எதையும் நான் எழுதவே இல்லையே. இவங்களுக்கு யார் சொன்னது?"

ராட்னியின் தொண்டையில் ரொட்டி சிக்கிக்கொண்டது. டார்லா நிதானமாகத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். யாரோ உன்மேல ரொம்பப் பிரியமானவங்க சொல்லியிருப்பாங்க என்றாள். டெஸ்ஸா அப்பாவை உற்றுப் பார்த்தாள். எழுந்து வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கடிதத்தைத் தோழிக்குக் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கதவு சாத்தியதும் ராட்னி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மகள் போகக்கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன், குறையாகத்தான் எழுதினேன், ஒரு நல்ல வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, என்னை மன்னித்துவிடு என்றார்.

"தெரியும்" என்றாள் டார்லா.

"தெரியுமா? எப்படி?"

"கிம்பல் படிச்சுக் காட்டினா. ரெண்டு பேரும் அழுதோம். வேலைக்கு வந்ததுலேருந்து இப்படி ஒரு பீற்றல் தாளைப் பார்த்ததில்லையாம்."

"நீதானே எழுதறதா இருந்த?"

"மடல் வந்த அன்னிக்கே உட்கார்ந்து பார்த்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே? 'நல்ல பொண்ணு, நல்லா உழைப்பா.' அதுக்கு மேல பேனா நகரல." டார்லா அவர் தட்டை எடுத்துத் தன் தட்டின்மேல் அடுக்கினாள். "அப்புறம்தான் யோசிச்சேன், தொடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நம்ம வீட்டுல மூச்சு விடாம பதினாலு பக்கம் குறை சொல்ற ஆள் யாருன்னு."