நின்றபடியே மாற்றிய தட்டு

தலைவலி வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். முழங்கால் வலி என்றால் எந்தச் சபையிலும் மரியாதையாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். மூல வியாதி வந்தால்தான் ஒரு மனுஷிக்குத் தன் வாய் எவ்வளவு இறுக மூடும் என்பது தெரியவரும். எனக்கு அது பல வருஷமாக இருந்தது. வீட்டுக்காரரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு மஞ்சள், குங்குமம் விற்கும் சின்னக் கடை. கல்லாவில் நான்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் கணக்கில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும். காலையில் மர ஸ்டூலில் உட்கார்ந்தால் கோயில் நடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பேன். (அவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கும் உடம்பு வேறு இடத்தில் கூலி கொடுத்துவிட்டது.) துத்தி இலை தின்றேன், கருணைக்கிழங்கு தின்றேன். ஆஸ்பத்திரி என்றால் கத்தி என்று பயம்.

பெரியவனுக்கு எடமலைப்பட்டி புதூரில் பெண் அமைந்தது. நிச்சயத்தன்று சபையில் நெடுநேரம் உட்காரவேண்டுமே என்ற கவலையில்தான் திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"கத்தியும் இல்ல, தையலும் இல்லம்மா. மூலத்தோட அடியில சின்ன ரப்பர் வளையம் போடுவேன். ரத்த ஓட்டம் நின்னு, அது தானா சுருங்கி விழுந்துடும். இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் கிழங்கு தின்னேன்?"

"கிழங்கு, கீரை எல்லாம் தின்னுங்க. தண்ணி நிறையக் குடிங்க, முக்காதீங்க. ரெண்டு மூணு நாள் உள்ள கனமா இருக்கும், சிலருக்கு வலிக்கும். வீட்டுல விசேஷம் எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். (மறுநாள் நிச்சயம். கத்தி இல்லாத வைத்தியத்துக்கு ஓய்வு எதற்கு என்பது என் ஞானம்.)

மறுநாள் காலையில் உள்ளே யாரோ ஒரு முழுப் பலாப்பழத்தை வைத்துத் தைத்துவிட்டதுபோல இருந்தது. வேனில் காவிரிப் பாலம் தாண்டி மண்டபம் வரும்வரை முன் சீட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தேன்.

மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் பட்டுப்புடவையில் கொடிக்கம்பம்போல நின்றேன்.

"உட்காருங்க சம்பந்தியம்மா."

"இருக்கட்டுங்க."

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "இருக்கட்டுங்க." மேடையிலிருந்த சிவப்பு வெல்வெட் ராஜா நாற்காலியை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

பெண்ணின் அத்தை பக்கத்தில் இருந்தவளிடம், "காப்பி லேட்டாக் குடுத்தோம்ல, அதான் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றது எனக்கே கேட்டது. சம்பந்தி என் வீட்டுக்காரரிடம் ஓடினார். "என்னங்க கோபம் அவங்களுக்கு?" யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருந்த அந்த மனுஷர் ஃபேனைப் பார்த்தார். (மூன்று இறக்கை இருக்கிறதா என்று எண்ணினாரோ என்னவோ.)

சம்பந்தி என் எதிரே வந்து கைகூப்பினார். "எங்க பக்கம் என்ன குறைன்னு சொல்லிடுங்கம்மா. மாப்பிள்ளைக்கு பைக் ஏதாவது எதிர்பார்த்திருந்தா..."

அவர் முடிக்கவில்லை. உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "பைக் கேக்குற வீட்டுக்கு நான் போகலப்பா. இத்தோட நிறுத்திடுங்க."

என் பையன் முகத்தில் ரத்தம் இல்லை. ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லிப் பெண் கேட்டவள் நான். இப்போது சபை முழுக்க என்னைப் பேராசைக்காரி என்று பார்க்கிறது. வெட்கமா, பையனா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

"பைக்கும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!" என்று கத்தினேன். "எனக்குப் பைல்ஸ்! நேத்துதான் ரப்பர் வளையம் போட்டாங்க. உட்கார முடியலைய்யா!"

மேளக்காரர் தூக்கிய குச்சி அப்படியே நின்றது. பூமி பிளக்காதா என்று கீழே பார்த்தேன். ஜமக்காளம்தான் தெரிந்தது.

முதலில் பெண் வெளியே வந்தாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர். என் பக்கத்தில் வந்து நின்று, "அப்ப நானும் நிக்கிறேன் அத்தை" என்றாள். சம்பந்தி சபையைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் எந்திரிங்கப்பா! நின்னுக்கிட்டே தட்டு மாத்துனா கல்யாணம் நடக்காதா?" பிறகு என் காதருகே குனிந்து, "அந்த டாக்டரம்மா எந்த வீதிங்க? எனக்கும் பத்து வருஷமா..." என்றார்.

பந்தி முடிவதற்குள் அவரைப்போல இன்னும் நாலைந்து பேர் தனித்தனியாக வந்து கேட்டுப் போனார்கள். காப்பி லேட் என்ற அத்தையும் அதில் ஒருத்தி.

அந்த நல்ல மனுஷர் சம்பந்தி இப்போது இல்லை. போன ஆவணியில் அவருடைய கடைசிப் பையனுக்கு நிச்சயம். ஜமக்காளத்தில் உட்காரச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. பெண் வீட்டார் பயந்துபோய், "ஏதாவது குறைங்களா?" என்று கேட்டார்கள்.

"குறையெல்லாம் இல்லீங்க. எங்க குடும்பத்துல நின்னுக்கிட்டுதான் தட்டு மாத்துவோம். எங்க அத்தை கொண்டுவந்த சம்பிரதாயம்" என்றாள் என் மருமகள், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவர்கள் பயபக்தியோடு எழுந்து நின்றார்கள். வளையம் விழுந்து வருஷக்கணக்காகிறது, எந்த நாற்காலியிலும் என்னால் ஜம்மென்று உட்கார முடியும். இருந்தாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன்.